ஒரு பாடம், இரண்டு புத்தகம்: வெளிநாட்டு, இந்திய அறிவியல் நூல்களை ஒப்பிட்டுப் படிக்கும் முறை

பாளையங்கோட்டையில் மாலை நேரத்தில் பிளஸ் டூ, பி.எஸ்சி. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறேன். வருஷா வருஷம் ஜூன் மாதம் இரண்டு மூன்று பேராவது ஆயிரம் பக்க வெளிநாட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது அது அலமாரிக்குப் போய்விடும். நானும் ஒரு காலத்தில் அதையே செய்தேன். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க ஆரம்பித்து, மூன்றாம் அத்தியாயத்தில் நின்றபோது பள்ளியில் ஏழாவது பாடம் நடந்துகொண்டிருந்தது.

புத்தகத்தில் குறையில்லை, எடுத்த வரிசைதான் தப்பு. முழுப் புத்தகத்தையும் முழுப் புத்தகத்தோடு ஒப்பிட யாராலும் முடியாது. ஒரு பாடத்தை ஒரு பாடத்தோடு, கையில் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஒப்பிடலாம். அதற்கான படிகளைக் கீழே சொல்கிறேன்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் பாடத்திட்டத்தின் சொந்தப் புத்தகம் வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல், என்.சி.இ.ஆர்.டி. இரண்டுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதே பாடம் உள்ள ஒரே ஒரு வெளிநாட்டுப் புத்தகம் போதும், இரண்டு வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று. சிவப்புப் பேனா ஒன்று. இது எதற்கென்று ஆறாவது படியில் தெரியும்.

1. எதற்காகப் படிக்கிறோம் என்று முதலில் எழுதுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே வரி: "நான் எழுதப்போகும் தேர்வு இது." பொதுத்தேர்வா, நீட்டா, ஜே.இ.இ.யா, கல்லூரி செமஸ்டரா?

இதை எழுதாமல் ஆரம்பிக்கிறவர்களுக்கு எந்தப் புத்தகம் நல்ல புத்தகம் என்ற வாக்குவாதம் கடைசிவரை தீராது. பொதுத்தேர்வு எழுதுகிறவருக்கு வருவித்தல் எந்த வரிசையில் வர வேண்டும் என்பது முக்கியம். நீட் எழுதுகிறவருக்கு என்.சி.இ.ஆர்.டி.யின் வரிகளே முக்கியம். ஜே.இ.இ. எழுதுகிறவருக்கு ஒரே கருத்தை நாலு விதமாகத் திருப்பிப் போடும் கணக்குகள் வேண்டும். ஒரே புத்தகம் மூவருக்கும் ஒரே மாதிரி உதவாது.

2. தாய்ப் புத்தகம் ஒன்றே ஒன்று

எங்கள் வகுப்பில் இதைத் தாய்ப் புத்தகம் என்போம். எந்த வரிசையில் படிப்பது, எது வரைக்கும் படிப்பது, எந்தக் குறியீட்டில் விடை எழுதுவது என்ற மூன்றையும் இந்தப் புத்தகம்தான் தீர்மானிக்கும். பள்ளி மாணவருக்கு அது பாடநூல். மற்றதெல்லாம் சந்தேகம் கேட்கப் போகிற பக்கத்து வீடு மாதிரி. போகலாம், உட்காரலாம், சாப்பாட்டுக்கு வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

காரணம் எளிது. வெளிநாட்டு நூல்களின் வரிசை வேறு. நம் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இரண்டாவது அலகான இயக்கவியலிலேயே நுண்கணிதத்தின் வகைக்கெழு வந்துவிடுகிறது. கணிதப் புத்தகத்திலோ அது இரண்டாம் தொகுதியில்தான். இந்த இடறலை உங்கள் பள்ளி ஆசிரியர் அறிவார், அதற்கேற்ப நடத்துவார். வெளிநாட்டு ஆசிரியர் தம் மாணவருக்கு நுண்கணிதம் கூடவே நடக்கிறது என்று எண்ணி எழுதியிருப்பார். அவர் வரிசையில் போனால் இடறும்போது பிடிக்க ஆள் இருக்காது.

3. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் படி

ஆங்கிலவழியில் படித்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். தமிழ்வழியில் படித்தவர்கள் நேரே வெளிநாட்டுப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். நடுவில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலின் ஆங்கிலவழிப் பதிப்புதான் அது. அதே அலகு, அதே படம், அதே எடுத்துக்காட்டுக் கணக்கு. தமிழ்ப் பதிப்பை இடப்பக்கமும் ஆங்கிலப் பதிப்பை வலப்பக்கமும் வைத்து ஒரு அலகை மட்டும் படியுங்கள். பொருள் ஏற்கெனவே தெரியும் என்பதால் அகராதி இல்லாமலே சொல் பிடிபடும்.

அப்படிப் படிக்கும்போது நோட்டின் பின்பக்கத்தில் சொற்பட்டியல் ஒன்று போடுங்கள். உந்தம் என்றால் மொமென்டம், கணத்தாக்கு என்றால் இம்பல்ஸ், தகைவு என்றால் ஸ்ட்ரெஸ், திரிபு என்றால் ஸ்ட்ரெய்ன், இழுவிசை என்றால் டென்ஷன். பேச்சில் ஸ்ட்ரெஸ், டென்ஷன், பிரஷர் மூன்றையும் ஒரே அர்த்தத்தில் புழங்குகிறோம். இயற்பியலில் மூன்றும் மூன்று. பேச்சு வழக்கை நம்பி ஆங்கிலப் புத்தகத்தைப் படித்தால் முதல் பக்கத்திலேயே சிக்கல்.

இன்னொரு கண்ணி: திறன் என்றால் பவர். ஆனால் திருப்புத்திறன் என்பதில் உள்ள திறனுக்கும் பவருக்கும் சம்பந்தமில்லை, அங்கே அது மொமென்ட். இப்படி ஒரு சொல் இரண்டு இடத்தில் வந்தால் பட்டியலில் இரண்டு வரியாகவே எழுதுங்கள். ஐம்பது அறுபது சொல் சேர்ந்ததும் வெளிநாட்டுப் புத்தகத்தைத் திறக்கலாம்.

4. வெளிநாட்டுப் புத்தகம் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

அட்டையில் பெயர் பார்த்து வாங்கி ஏமாறுவது இந்தப் படியில்தான். அமெரிக்க நூல்களில் 'காலேஜ் பிசிக்ஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் நுண்கணிதம் இல்லாமல், இயற்கணிதத்தோடு நிற்கும். 'யுனிவர்சிட்டி பிசிக்ஸ்' என்றால் நுண்கணிதம் உண்டு. நம் ஊரில் காலேஜுக்கும் யுனிவர்சிட்டிக்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துக்கொண்டு பார்த்தால் இது பிடிபடாது. இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ஸ்டாக்ஸ் நூல்களிலும் இந்த இரண்டு பெயரிலும் இரண்டு தனி நூல்கள் இருக்கின்றன. பிளஸ் ஒன் மாணவருக்கு முதலாவதும், பிளஸ் டூ முடித்தவருக்கு இரண்டாவதும் பொருந்தும்.

அடுத்தது ஒரே பெயரில் வரும் குழப்பம். ஹாலிடே, ரெஸ்னிக், வாக்கர் மூவரும் எழுதிய 'ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் பிசிக்ஸ்' ஒரு நூல். ரெஸ்னிக், ஹாலிடே, கிரேன் எழுதிய 'பிசிக்ஸ்' வேறு நூல். இரண்டு தொகுதி, நடையும் கொஞ்சம் கனம். என் மாணவன் ஒருவன் கடையில் போய், "அண்ணாச்சி, ஹாலிடே இருக்கா?" என்று கேட்க, "ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் தம்பி" என்றாராம் கடைக்காரர். சிரித்துவிட்டு அவன் வாங்கி வந்தது கிரேன் நூலின் இரண்டாம் தொகுதியை. அவனுக்கு வேண்டியிருந்தது இயக்கவியல். கையில் இருந்ததோ மின்னியல்.

மூன்றாவது, பதிப்பு. இந்தியாவில் குறைந்த விலையில் விற்கும் பதிப்புகளின் அட்டையிலோ முதல் பக்கத்திலோ, இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு என்று போட்டிருக்கும். சில அப்படியே மறுஅச்சு. சில இந்தியத் தேர்வுகளுக்கு ஏற்ப மாற்றியவை. மாற்றிய பதிப்பில் கணக்கு எண்களும் மாறியிருக்கலாம். "அத்தியாயம் எட்டு, கணக்கு நாற்பத்திரண்டு" என்று நண்பர் சொன்னால், கணக்கின் முதல் வரியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

5. ஒரே ஒரு பாடத்தை எடுங்கள், கேள்வியோடு போங்கள்

முதல் ஒப்பீட்டுக்கு நான் கொடுப்பது கதிர் ஒளியியல், இல்லையென்றால் வெப்ப இயக்கவியலின் முதல் விதி. இரண்டு பக்கப் புத்தகங்களும் இவற்றில் நன்றாக வேறுபடும், பாடமும் சின்னது.

படிக்கும் வரிசை இப்படி. முதலில் தாய்ப் புத்தகத்தில் அந்தப் பகுதியை ஒரு தடவை முழுதாகப் படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். புரியாததை ஒரு கேள்வியாக எழுதுங்கள். "லென்ஸ் புரியவில்லை" என்பது கேள்வி ஆகாது. "பொருள் குவியத்துக்கு உள்ளே வந்தால் பிம்பம் ஏன் திரையில் விழாது?" என்பது கேள்வி. அப்புறம்தான் வெளிநாட்டுப் புத்தகம். அதிலும் அத்தியாயத்தை முதலிலிருந்து படிக்காமல், கடைசியில் இருக்கும் பொருளடைவில் சொல்லைத் தேடி அந்தப் பக்கத்துக்கு மட்டும் போங்கள். பதில் கிடைத்ததும் உங்கள் சொல்லில் நாலு வரி எழுதிவிட்டுத் தாய்ப் புத்தகத்துக்குத் திரும்புங்கள்.

ஏன் இப்படி? இந்தியப் பாடநூல் சுருக்கிச் சொல்லும். வரையறை, வருவித்தல், சூத்திரம், எடுத்துக்காட்டு என்று நாலு பக்கத்தில் முடித்துவிடும். வெளிநாட்டு நூல் அதே விஷயத்துக்குப் பன்னிரண்டு பக்கம் எடுத்துக்கொள்ளும். சுவர், ஏணி, பனிச்சறுக்கு என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு வரும். கேள்வி இல்லாமல் போனால் அந்தப் பன்னிரண்டு பக்கமும் சுகமாக இருக்கும், புரிந்த மாதிரியும் இருக்கும். மறுநாள் கேட்டால் ஒன்றும் வராது. நான் அதிகம் பார்த்த தோல்வி இதுதான்.

பொருளடைவில் தேடும்போது எழுத்துக்கூட்டலும் கவனம். அமெரிக்க நூலில் கந்தகத்தின் ஆங்கிலப் பெயரை எஃப் போட்டு எழுதுவார்கள், நம் பழைய நூல்களில் பி, ஹெச் போட்டிருக்கும். அலுமினியத்தில் அவர்கள் ஒரு எழுத்தை விட்டுவிடுவார்கள். கிடைக்கவில்லை என்று முடிவுகட்டுமுன் இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

6. குறி அட்டவணை: சிவப்புப் பேனாவை எடுங்கள்

இந்த ஒரு படியை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்தாலும் மதிப்பெண் போகும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போன வருஷம் ஒரு பையன் நோட்டோடு வந்து, "சார், புக்குலயே தப்பா போட்டிருக்கான்" என்றான். "எந்தப் புக்குல டே?" என்றேன். இரண்டையும் காட்டினான். கணக்கு இதுதான்: குவியத்தொலைவு 15 செ.மீ. உள்ள குழி ஆடியின் முன் 20 செ.மீ. தூரத்தில் பொருள். பிம்பம் எங்கே? அவனுக்கு வந்த விடை 8.57 செ.மீ., அதுவும் ஆடிக்குப் பின்னால்.

நம் பாடநூல்கள் கார்ட்டீசியன் குறி மரபைப் பின்பற்றுகின்றன. ஒளி போகும் திசையில் அளந்தால் மிகை, எதிர்த்திசையில் அளந்தால் குறை. அதன்படி பொருள் தொலைவு −20, குழி ஆடியின் குவியத்தொலைவு −15. பிம்பத் தொலைவை வி என்று வைத்து ஆடிச் சமன்பாட்டில் போட்டால் 1/வி = −1/15 + 1/20 = −1/60. ஆக, வி = −60 செ.மீ.

அமெரிக்க நூல்களில் பொருள் தொலைவு +20. குழி ஆடியின் குவியத்தொலைவும் மிகைதான், +15. மெய்பிம்பம் என்றால் மிகை என்பது அவர்கள் மரபு. 1/15 − 1/20 = 1/60. விடை +60 செ.மீ. இரண்டும் சொல்வது ஒன்றே: ஆடிக்கு முன்னால் 60 செ.மீ. தூரத்தில் மெய்பிம்பம்.

பையன் என்ன செய்தான்? குவியத்தொலைவை நம் புத்தகத்திலிருந்து −15 என்று எடுத்தான். பொருள் தொலைவை அந்தப் புத்தகத்திலிருந்து +20 என்று எடுத்தான். −1/15 − 1/20 = −7/60. அதுதான் 8.57. இரண்டு நல்ல புத்தகங்கள் சேர்ந்து ஒரு தப்பான விடை.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. லென்ஸ் சமன்பாடு இரண்டு மரபிலும் வேறு மாதிரித் தெரியும். நம்முடையதில் நடுவில் கழித்தல், அவர்களுடையதில் கூட்டல். பார்த்ததும் சந்தேகம் வந்துவிடும். ஆடிச் சமன்பாடோ இரண்டிலும் கூட்டல்தான், ஒரே மாதிரி இருக்கும். சந்தேகமே வராது. அதனால்தான் லென்ஸில் தப்பிக்கிற பிள்ளைகள் ஆடியில் விழுகிறார்கள்.

அடுத்த கண்ணி ஒரே நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. வெப்ப இயக்கவியலின் முதல் விதியை இயற்பியல் நூல்கள் "அக ஆற்றல் மாற்றம் = வெப்பம் − வேலை" என்று எழுதும்; வேலை என்பது வாயு செய்த வேலை. வேதியியல் நூல்கள் "வெப்பம் + வேலை" என்று எழுதும்; அங்கே வேலை என்பது வாயுவின் மேல் செய்யப்பட்ட வேலை. வாயுவுக்கு 500 ஜூல் வெப்பம் கொடுத்து அது 200 ஜூல் வேலை செய்தால் இரண்டு வழியிலும் 300 ஜூல்தான். வேதியியல் சூத்திரத்தில் இயற்பியலின் +200ஐப் போடுகிறவருக்கு 700 வரும். இயந்திரத்திலிருந்து எவ்வளவு வேலை கறக்கலாம் என்று பார்த்து வளர்ந்தது ஒரு மரபு. கலனுக்குள் என்ன சேர்ந்தது என்று பார்ப்பது மற்றொன்று.

இருமுனைத் திருப்புத்திறனின் (டைபோல் மொமென்ட்) அம்புக்குறியும் அப்படித்தான். இயற்பியலில் குறை மின்னூட்டத்திலிருந்து மிகைக்கு; வேதியியல் படங்களில் மிகையிலிருந்து குறைக்கு.

ஆகவே நோட்டின் நடுப்பக்கத்தில் மூன்று பத்தி கொண்ட அட்டவணை போடுங்கள்: அளவு, தாய்ப் புத்தகத்தின் குறி, மற்ற புத்தகத்தின் குறி. மூன்றாம் பத்தி சிவப்பில் மட்டும். ஒரு கணக்கைத் தொடங்கினால் கடைசிவரை ஒரே நிறம்தான். நடுவில் நிறம் மாறினால் அந்தக் கணக்கை அடித்துவிட்டு முதலிலிருந்து போடுங்கள்.

7. எண்ணும் அலகும்

இங்கே வேகமாகப் போகலாம். மில்லியன் பத்து லட்சம், பில்லியன் நூறு கோடி. பூமியின் வயது சுமார் 4.5 பில்லியன் ஆண்டு, அதாவது 450 கோடி. 45 கோடி என்று எழுதுகிறவர்கள் வருஷத்துக்கு ஒருவராவது இருக்கிறார்கள். மைல், அடி, பவுண்டு, ஃபாரன்ஹீட்டில் வரும் கணக்குகளை அப்படியே விட்டுவிடுங்கள், தேர்வுக்கு வராது.

வேதியியலில் ஒன்று மட்டும் நிதானியுங்கள். திட்ட வெப்ப அழுத்த நிலையில் ஒரு மோல் வாயுவின் பருமன் ஒரு நூலில் 22.4 லிட்டர், இன்னொன்றில் 22.7 லிட்டர் என்று இருக்கும். அச்சுப்பிழை இல்லை. திட்ட அழுத்தத்தை 1982இல் ஒரு அட்மாஸ்ஃபியரிலிருந்து ஒரு பாருக்கு மாற்றினார்கள். கேள்வியில் எந்த அழுத்தம் என்று பார்த்துப் போடுங்கள்.

8. நம் ஊருக்கு மாற்றிப் பாருங்கள்

வெளிநாட்டு நூல் எழுதியவருக்கு ஜன்னலுக்கு வெளியே பனி. நமக்கு வெயில். அவர் சொல்லும் விதி எங்கும் ஒன்று. அவர் தரும் எண் அவர் ஊருக்கு உரியது. விதியையும் எண்ணையும் பிரித்துப் பார்க்கப் பழகுவதுதான் இந்தப் படி. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

பதினொன்றாம் வகுப்புச் செய்முறையில் ஒத்ததிர்வுக் குழாய் வைத்து ஒலியின் திசைவேகம் கண்டுபிடிப்பார்கள். அமெரிக்க நூலில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று இருக்கும். எங்கள் ஊரில் மதியம் இரண்டு மணிக்குச் செய்தால் 350க்கு மேல் வரும். பிள்ளைகள் பயந்துபோய் அளவீட்டைத் திருத்தி 343க்கு இழுத்து வருவார்கள். திருத்தாதீர்கள். 343 என்பது 20 டிகிரி செல்சியஸுக்கு. சுழி டிகிரியில் 331, ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.6 கூடும். 33 டிகிரி அறையில் 331 + 19.8, கிட்டத்தட்ட 351. நீங்கள் அளந்ததுதான் சரி.

வானியல் அத்தியாயத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கே இருக்கும் என்று நடு அட்சரேகை நாட்டு நூல்கள் பேசும். திருநெல்வேலி வட அட்சம் 8.7 டிகிரி. ஏப்ரல் இரண்டாம் வாரம் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகலில் நமக்கு வடக்கே நிற்கிறது. மே மாதக் கடைசியில் மொட்டை மாடியில் 30 செ.மீ. ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். பன்னிரண்டு மணிக்குப் பார்க்காதீர்கள். நம் ஊருக்கு உச்சிவேளை பன்னிரண்டே கால் வாக்கில்தான். ஆறரை, ஏழு செ.மீ. நீளத்துக்குத் தெற்கே நிழல் விழும். புத்தகத்தில் உள்ள படம் வடக்கே நிழல் காட்டும். இரண்டுக்கும் ஒரே விளக்கம்தான் என்று உங்களுக்கே பிடிபட்டால் அந்த அத்தியாயம் முடிந்தது.

துருவ நட்சத்திரமும் அப்படியே. அதன் உயரம் ஏறக்குறைய அந்த ஊரின் அட்சரேகை. அவர்கள் அண்ணாந்து பார்ப்பது. நமக்குத் தொடுவானத்துக்கு மேல் ஒன்பது டிகிரிகூட இல்லை, வடக்கே ஒரு வேப்பமரம் இருந்தால் மறைந்துவிடும். பூமி சுழல்வதைக் காட்டும் ஃபூக்கோ ஊசல் ஆடும் தளம் பாரிஸில் ஒரு சுற்றுச் சுற்ற சுமார் 32 மணி நேரம். நம் ஊரில் தொங்கவிட்டால் ஆறரை நாள் ஆகும். அட்சரேகையின் சைன் மதிப்பு சூத்திரத்தின் கீழே இருக்கிறது என்பது இந்த ஒரு ஒப்பீட்டில் மறக்காமல் நின்றுவிடும்.

உயிரியலில் இலையுதிர்காடு. வெளிநாட்டு நூலில் குளிர் வருகிறது, இலை உதிர்கிறது. நம் மலையடிவாரத் தேக்கு உதிர்வது தண்ணீர் பற்றாக்குறையால், மாசி பங்குனி வறட்சியில். களக்காடு முண்டந்துறைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: அடிவாரத்தில் முள்காடு, மேலே ஏற ஏறப் பசுமைமாறாக் காடு. ஒரே மலையில் இத்தனை இருக்க, மேப்பிள் மரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

எப்போதும் இந்தியப் புத்தகம்தான் நமக்கு நெருக்கம் என்றும் நினைக்காதீர்கள். கூடங்குளத்தில் இருப்பது செறிவூட்டிய யுரேனியமும் சாதாரண நீரும் கொண்ட அழுத்த நீர் உலை, ஒவ்வொன்றும் 1000 மெகாவாட். கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகள் இயற்கை யுரேனியமும் கனநீரும் கொண்டவை. அமெரிக்க நூல்கள் படம் போட்டு விளக்குவது பெரும்பாலும் அழுத்த நீர் உலையை. ஆக, ராதாபுரத்துப் பிள்ளைக்குத் தன் ஊர் உலையைப் புரிந்துகொள்ள அமெரிக்கப் படம்தான் பக்கம்.

9. கணக்கு போடும் முறை

முதலில் தாய்ப் புத்தகத்தின் எடுத்துக்காட்டுகள், பிறகு பயிற்சிக் கணக்குகள், கடைசியில்தான் வெளிநாட்டு நூல். நடுவில் ஒரு பாலம் வேண்டுமென்றால் எச்.சி. வர்மாவின் 'கான்செப்ட்ஸ் ஆஃப் பிசிக்ஸ்' இருக்கிறது. இந்திய மாணவரை மனதில் வைத்து எழுதியது. கேள்விகளில் யோசிக்க வைக்கும் தன்மையோ வெளிநாட்டு நூலுக்குக் குறைந்ததில்லை. ஜே.இ.இ.க்கு வெளிநாட்டு நூலைவிட இதையே முதலில் சொல்வேன்.

வெளிநாட்டு நூலில் கணக்குகளுக்கு முன்னால் எண் இல்லாத கேள்விகள் ஒரு பக்கம் இருக்கும். நாலு படத்தைக் கொடுத்து எதில் விசை அதிகம், வரிசைப்படுத்து என்று கேட்கும். பிள்ளைகள் இதைத் தாண்டிக் கணக்குக்கு ஓடுவார்கள். நான் சொல்வது நேர் எதிர்: அந்தப் பக்கத்தை மட்டும் முழுதாகப் போடுங்கள், பின்னால் உள்ள எண்பது கணக்கில் எட்டு போதும். நம் பாடநூலில் அதிகம் கிடைக்காத சரக்கு அதுதான்.

எட்டுக் கணக்கையும் எழுத்திலேயே முடித்து, கடைசி வரியில்தான் எண்ணைப் போடுங்கள். அவர்கள் கால்குலேட்டரை எண்ணி 9.8, 3.47 என்று கொடுத்திருப்பார்கள். நீட் அறையில் கால்குலேட்டர் கிடையாது. பெருக்கி வகுத்து நேரத்தைக் கரைப்பதால் இயற்பியல் ஒன்றும் கூடாது.

10. எந்தப் பாடத்துக்கு எது

இது என் தீர்ப்பு. உங்கள் ஆசிரியர் வேறு சொன்னால் அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

இயற்பியலுக்கு வெளிநாட்டு நூல் உழைப்புக்குப் பலன் தரும், குறிப்பாக விசையியல், மின்காந்தவியல், அலைகள். வேதியியலில் இயற்பிய வேதியியலுக்கும் கரிம வேதியியலின் வினைவழிமுறைகளுக்கும் ஓரளவு. கனிம வேதியியலுக்குத் தேர்வு நேரத்தில் பாடநூலை விட்டு நகராதீர்கள்.

உயிரியலில் நீட் எழுதுகிறவர் வெளிநாட்டு நூலைப் படங்களுக்காக மட்டும் பார்க்கலாம். செல் சுவாசம், நரம்புத் தூண்டல் போன்றவற்றுக்கு அந்த வண்ணப் படங்கள் உதவும். வரிகளை அங்கிருந்து எடுத்தால் விடையில் சொல் மாறிப்போகும். எடுத்துக்காட்டு உயிரிகளும் வேறு. தமிழ்நாட்டுப் பாடநூல் மண்புழுவுக்கு லாம்பிட்டோ மௌரிட்டியை எடுத்துக்கொள்கிறது. மழைக்குப் பின் நம் மண்ணிலேயே தோண்டி எடுக்கலாம். வெளிநாட்டு நூலின் மண்புழு வேறு இனம். கண்டங்களின் எண்ணிக்கை, கிளைடெல்லம் என்ற தடித்த வளையப் பட்டையின் இடம் எல்லாம் அதற்கு உரியவை. இரண்டையும் கலந்து எழுதினால் உலகத்தில் இல்லாத ஒரு புழு பிறக்கும்.

11. வாங்குமுன்

உடனே வாங்காதீர்கள். மேலே சொன்னபடி ஒரு பாடத்தை இலவச நூலில் செய்து பாருங்கள். ஓப்பன்ஸ்டாக்ஸ் நூல்களை இறக்கிக்கொள்ளலாம். அமெரிக்க இயற்பியலர் ஃபெயின்மனின் விரிவுரைகளை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம், ஆனால் அது பாடம் முடித்தபின் ருசிக்க, தேர்வுக்கு இல்லை. பாளையங்கோட்டையில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்தவர்களுக்குக் கல்லூரி நூலகமும் உண்டு. ஒரு அத்தியாயத்தை அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

பழைய பதிப்பு கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். நியூட்டன் விதிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. வாங்குமுன் மூன்றைப் பாருங்கள்: பின்னால் விடைப்பக்கங்கள் கிழியாமல் இருக்கின்றனவா, பொருளடைவு இருக்கிறதா, தொகுதி ஒன்றா இரண்டா. முந்தைய ஆள் ஓரத்தில் பென்சிலால் விடை எழுதி வைத்திருந்தால் ரப்பர் போட்டு அழித்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். என்னிடம் வந்த ஒரு பிரதியில் யாரோ ஒரு மகராசன் ஒளியியல் அத்தியாயம் முழுவதும் குறியை மாற்றிப் போட்டு வைத்திருந்தார்.